பெரியப்பாவின் காய்ச்சல்

ஜோர்ஜ்டவுன் வெயிலில் வேர்த்து விறுவிறுத்து எங்கள் வானொலி நிலையத்துக்குள் நுழைந்தால், ஐந்தே நிமிடத்தில் பல் கிடுகிடுக்கும். ஒலிபரப்புக் கூடத்தின் ஏர்கோன் அப்படி. நடுங்க நடுங்கத்தான் பல நாள் "வணக்கம் நேயர்களே" சொல்லியிருக்கிறேன். நடுங்கினால் உடம்பு ஏன் சூடாகிறது என்று அப்போது யோசித்ததில்லை.

அப்பாவுக்குக் குடலிறக்க ஆபரேஷன் முடிவான அன்றுதான் யோசிக்க வேண்டி வந்தது. மயக்க மருந்து டாக்டர் கேட்டார்: "உங்க குடும்பத்துல யாருக்காவது மயக்க மருந்து கொடுத்தப்ப ஏதாவது ஆகியிருக்கா?"

"இல்லீங்க டாக்டர்" என்றார் அப்பா.

வெளியே வந்ததும் அம்மா என் கையைப் பிடித்தார். "உங்க பெரியப்பா..." என்று இழுத்தார். உடைந்த கைக்கு ஆபரேஷன் என்று உள்ளே போனவர், உயிரோடு திரும்பவில்லை. உடம்பு நெருப்பாகக் கொதித்ததாம். 'விதி' என்று சொல்லி வீட்டில் அந்தப் பேச்சையே மூடிவிட்டார்கள்.

நான் திரும்ப ஓடிப் போய்ச் சொன்னேன். டாக்டர் சிரிக்கவில்லை. நாற்காலியைக் காட்டி உட்காரச் சொல்லி விளக்கினார்.

தசைச் செல்லுக்குள் கால்சியம் சேமிக்கும் பை ஒன்று உண்டு. கதவு திறந்து கால்சியம் வெளியே வந்தால் தசை சுருங்கும். அதை மறுபடி உள்ளே இறைப்பது 'செர்கா' என்ற பம்பு. இரண்டு கால்சியம் அயனிகளை ஏற்ற ஒரு ஏடிபி எரிபொருள் செலவாகும். எரிபொருள் செலவாகும் இடத்தில் சூடும் பிறக்கும். நடுக்கத்தின் சூட்டில் இதற்கும் பங்குண்டு.

வீட்டுக்கு வந்து படித்தபோது ஒரு தமிழ்ப் பெயர் கண்ணில் பட்டது. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் முத்து பெரியசாமி குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வு அது. 'சார்கோலிப்பின்' என்ற சிறு புரதம் இந்தப் பம்பில் ஒட்டிக்கொண்டால், பம்பு எரிபொருளைச் செலவழிக்கும், கால்சியத்தை முழுதாக ஏற்றாது, சூடுதான் மிஞ்சும். அந்தப் புரதம் இல்லாத எலிகளால் 4 டிகிரி குளிரில் உடல் சூட்டைக் காக்க முடியவில்லை.

குளிரில் காக்கும் இதே அடுப்பு, சிலருக்கு எமனாகிறது. அவர்களுடைய பையின் கதவில் பரம்பரைக் கோளாறு. சில மயக்க வாயுக்கள் பட்டால் கதவு மூடாது. கால்சியம் கொட்டிக்கொண்டே இருக்கும். பம்பு ஓயாமல் இறைக்கும். தசை விறைத்து உடம்பு கொதிக்கும். 'மெலிக்னன்ட் ஹைப்பர்தெர்மியா' என்பது இதுதான். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் வர ஐம்பது விழுக்காடு வாய்ப்பு.

இதை மருத்துவ உலகம் அறிந்ததே ஒருவர் வாய் திறந்ததால்தான். 1960இல் மெல்பர்னில் கால் முறிந்து வந்த 21 வயது மாணவர், காலைவிட மயக்க மருந்துக்கே பயந்தார். அவருடைய உறவினர் பத்துப் பேர் மயக்க மருந்தில் இறந்திருந்தார்கள். டென்பரோ, லவல் என்ற மருத்துவர்கள் அதை எழுதி வெளியிட்டார்கள். இன்று இதற்கு 'டான்ட்ரோலின்' என்ற மருந்து இருக்கிறது.

அப்பாவுக்கு மயக்க வாயு கொடுக்கவில்லை. முதுகில் ஊசி போட்டு, இடுப்புக்குக் கீழே மரத்துப்போக வைத்து ஆபரேஷனை முடித்தார்கள். பெரியப்பாவுக்கு வந்தது இதுதானா என்று இனி யாராலும் சொல்ல முடியாது. ஆனால் அவர் படம் இப்போது எங்கள் வரவேற்பறையில் இருக்கிறது.

அடுத்த கல்யாண வீட்டில் பெரியவர்களைப் பார்த்தால், நீங்களும் இந்த ஒரு கேள்வியைக் கேட்டு வையுங்கள்.