மலைநாட்டுக் காணியில் வீட்டுக்கு முன் கொட்டில்

கண்டி நகரைச் சூழ்ந்த ஊர்களிலே சமதரையான காணி கிடைப்பது அரிது. கலகா, தெல்தோட்டை, கம்பளை, நாவலப்பிட்டி முதலிய இடங்களில் காணி பெறுவோர்க்குப் பெரும்பாலும் சாய்நிலமே வாய்க்கின்றது. காணி கைக்கு வந்தவுடன் குடும்பத்தார் முதலில் எண்ணுவது வீட்டையே. சரிவை வெட்டி அத்திவாரம் இடுவர். கானும் மரமும் மாட்டுக் கொட்டிலும் பின்னர் ஆகட்டும் என விட்டுவிடுவர். இவ்வொழுங்கு மாறுதல் வேண்டும். முதலில் நீர்வழி, அடுத்துக் கொட்டில், இறுதியில் வீடு என்பதே மலைநாட்டுக் காணிக்கு ஏற்ற முறையாகும். கொட்டில் மாட்டுக்கு நிழல் தருவதோடு, அந்நிலத்தின் இயல்பைக் குறைந்த செலவில் அறிவிக்கும் சோதனையாகவும் அமைகின்றது.

மண் போன வரலாறு

கண்டிச் சீமையின் சரிவுகள் ஒரு காலத்தில் அடர்ந்த காடாயிருந்தன. 19 ஆம் நூற்றாண்டிற் கோப்பிக்காக அக்காடுகள் அழிக்கப்பட்டன. 1869 இல் இலைத் துரு நோய் தோன்றிக் கோப்பியை அழிக்கத் தொடங்கியது. 1867 இல் ஜேம்ஸ் டெயிலர் லூல்கந்துரையில் நட்ட தேயிலை பின்னர் அவ்விடத்தைப் பிடித்தது. மூடியிருந்த காடு நீங்கியதும் மேல்மண் ஆறுகளை அடைந்தது. மண்ணரிப்பைத் தடுத்தற்பொருட்டு 1951 இல் மண் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. எனினும் அரிப்பு நின்றபாடில்லை. 1976 இல் இயங்கத் தொடங்கிய பொல்கொல்லை அணையின் தேக்கம் சில பத்தாண்டுகளுக்குள்ளேயே வண்டலாற் பெரிதும் தூர்ந்தது. அவ்வண்டல் மேலேயுள்ள காணிகளின் செல்வமேயாம்.

மண் சிறிது சிறிதாகப் போவது ஒரு கேடு. ஒரேயடியாகச் சரிவது மற்றொரு கேடு. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலோடு பெய்த பெருமழையில் கண்டி மாவட்டத்திற் பல மண்சரிவுகள் நிகழ்ந்து, வீடுகளோடு குடும்பங்களும் புதையுண்டமையை யாவரும் அறிவர். இனி ஒரு வீடு எழுமுன் அதன் நிலத்தை அறிதல் கடமையாகின்றது.

முதலாண்டு: நீரை நடத்துதல்

கண்டிப் பகுதியில் தை முதற் பங்குனி வரை மழை குறைவு. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மழை மிகுதி. ஆதலால் கான் வெட்டும் வேலையைத் தை மாதத்தில் ஆரம்பித்தல் நன்று.

சமவுயரக் கோடுகளைக் குறிக்க விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. இரண்டு நீண்ட தடிகளை நுனியிற் பிணைத்துக் கால்களை அகல விரித்து, நடுவில் ஒரு குறுக்குத் தடி கட்டி, நுனியிலிருந்து கல் கட்டிய நூலைத் தொங்கவிட்டாற் போதும். நூல் குறுக்குத் தடியின் நடு அடையாளத்தில் நிற்கும்போது இரு கால்களும் ஒரே மட்டத்தில் நிற்பனவாகும். அவ்விடங்களில் முளை அறைந்து கொண்டே சென்றாற் கோடு கிடைக்கும்.

இக்கோடுகளில் 4 முதல் 6 மீற்றர் இடைவெளியில் சீமைக்கிளுவையை இரட்டை வரிசையாக நெருக்கமாக நடலாம். பிலிப்பைன்சின் மிந்தனாவோ தீவில் 1970 களில் உருவான இம்முறை நம் மலைநாட்டுக்கும் ஏற்றது. வேலி வரிசையில் மண் தங்கித் தங்கி, ஆண்டுகள் செல்லச் செல்லத் தானே படிக்கட்டாக அமையும். வெட்டும் தழை பசளையும் தீனியுமாகும். பக்கக் கான்களைத் தேயிலைத் தோட்டங்களிற்போல 120 அடிக்கு 1 அடி இறக்கமாக அமைத்து, இடையிடையே வண்டற் குழி விட்டு, கல் பதித்த பெருங்கானிற் சேர்த்தல் வேண்டும். குழியில் தங்கிய மண்ணை மழைக்குப்பின் அள்ளி மேலேயே இடுதல் மறக்கற்பாலதன்று.

இரண்டாம் ஆண்டு: கொட்டில்

ஒரு மாரி முழுவதும் நீர் ஓடும் வழியைக் கண்டபின் கொட்டிலுக்கு இடந் தெரிதல் எளிது. நீரோடைக்கும் பள்ளத்துக்கும் விலகிய, மெல்லிய சாய்வான இடமே தக்கது. கிணற்றுக்கு மேலே கொட்டில் அமைத்தலாகாது. கீழேயும் 50 அடிக்குக் குறையாத தூரம் வேண்டும்.

கொட்டிலின் நீளம் சமவுயரக் கோட்டின் வழியே செல்லுமாயின் மண் வெட்டுவது குறையும். தூண்கள் வெட்டிய தரையில் நிற்றல் வேண்டும். வெட்டி எடுத்த மண்ணை முன்புறத்தில் நிரப்பி அதன்மேல் தூண் நாட்டுவது பெருந்தவறு. நிரப்பிய மண் மழையில் அமிழும். வெட்டுச்சரிவு 3 அடியை மேவுமாயின் துறை அறிந்தோரைக் கேளாது வெட்டலாகாது. அதற்குக் கட்டும் கல்லணையில் நீர் கசிந்து வெளியேறத் துவாரங்கள் இருத்தல் வேண்டும். அணைக்கும் கொட்டிலுக்கும் இடையே ஒரு கானும் நடைவழியும் விடுக.

ஒரு பசு நிற்பதற்கு ஏறக்குறைய 4 அடி அகலமும் 6 அடி நீளமும் வேண்டும். இரண்டு பசுக்களும் கன்றுகளும் நிற்கவும், தீனித்தொட்டியும் சாணக் கானும் அமையவும் 20 அடிக்கு 12 அடி போதியது. தரை 40 அடிக்கு 1 அடி சாணக் கானை நோக்கிச் சாய்ந்திருத்தல் நலம். சீமெந்துத் தரையாயின் வழுக்காதபடி கீறிவிடுக. காற்று நன்கு உலவப் பக்கங்களைத் திறந்து வைத்து, சாரல் அடிக்கும் பக்கத்தை மாத்திரம் அடைத்தல் போதும்.

கூரை நீரை வீணாக்கலாகாது. ஒரு சதுர மீற்றரில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் 1 லீற்றர் நீர் சேரும். 20 அடிக்கு 12 அடிக் கூரை ஏறத்தாழ 22 சதுர மீற்றர். ஆகவே 25 மில்லிமீற்றர் மழைக்கு 500 லீற்றருக்கு மேற்பட்ட நீர் அதில் விழும். பீலி வைத்துத் தாங்கியிற் சேர்த்தால் மாடு குடிக்கவும் கழுவவும் உதவும். விட்டுவிட்டால் அந்நீரே சரிவை அரிக்கும்.

எருவும் மரமும்

கொட்டிலின் முதல் விளைச்சல் பாலன்று, எருவே. சாணம், தின்னாது விட்ட புல், சீமைக்கிளுவைத் தழை ஆகியவற்றை நிழலிற் குவித்து, ஈரம் காத்துக் கிளறிவரின் கூட்டெருவாகும். மேல்மண் இழந்த பழைய தேயிலை நிலத்திற்கு இதனினும் சிறந்த மருந்தில்லை. அவ்வெருவைக் கொண்டு வருங்கால வீட்டைச் சுற்றிக் கண்டி வீட்டுத்தோட்டம் ஒன்றை முன்னரே தொடங்கலாம். மேலே பலாவும் தென்னையும் கித்துளும், நடுவே கராம்பும் சாதிக்காயும் கோப்பியும், சீமைக்கிளுவையிற் படரும் மிளகும், கீழே இஞ்சியும் மஞ்சளும் என அடுக்கடுக்காக நிற்கும் அத்தோட்டத்தில் மழைத்துளி நேரே மண்ணைத் தாக்குவதில்லை. வீடு எழும்போது மரங்கள் ஓரளவு வளர்ந்து நிற்கும்.

வீட்டுக்கு முன் கேட்க வேண்டியவை

கொட்டில் நின்ற காலத்திற் கண்டவற்றைக் குறித்து வைத்தல் வேண்டும். தூண்கள் சாய்ந்தனவா? தரையில் அல்லது மேற்சரிவில் வெடிப்புத் தோன்றிற்றா? மரங்கள் ஒருபக்கமாகச் சாய்கின்றனவா? புதிய ஊற்றுத் தோன்றிற்றா, அல்லது தெளிந்த ஊற்றுக் கலங்கிற்றா? இவற்றுள் ஒன்று காணினும் அங்கே வீடு கட்டலாகாது. உடனே அதிகாரிகளுக்கு அறிவித்தல் வேண்டும். அதனாற் காணி வீணாகிவிடாது. மக்கள் குடியிருக்கத் தகாத சரிவும் மரத்துக்கு உரியது. ஆனால் ஈராண்டு அசையாது நின்றதென்பது மட்டும் போதிய சான்றன்று. பிரதேச சபையின் அனுமதியையும் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனத்தின் மதிப்பீட்டையும் பெற்ற பின்னரே அத்திவாரம் வெட்டுதல் முறை.

கொட்டிலின் அருகே திறந்த வெளியில் நேர்ப்பக்கமுள்ள தகர டின் ஒன்றை வைத்து, காலைதோறும் அதிலுள்ள நீரை அடிக்கோலால் அளந்து எழுதி வருக. 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாயிருத்தல் வேண்டும். 100 ஐத் தாண்டினால் வெளியேற ஆயத்தமாதல் வேண்டும். 150 ஐத் தாண்டினால் அபாயமுள்ள சரிவில் ஒரு கணமும் தங்கலாகாது. மாடுகளை அவிழ்த்துவிட்டு மக்கள் வெளியேறுதல் வேண்டும். பெருமழை நாளில் இரவிலும் அளவைப் பார்த்தல் அவசியம்.

கான் வெட்டல், வேலி நடல், எருவிடல் ஆகியவற்றில் ஐயமுற்றோர் தம் பகுதி விவசாயப் போதனாசிரியரையும், மாடு பற்றி அரசாங்க மிருக வைத்தியரையும் நாடுக. ஈராண்டு காத்திருத்தல் வாடகை வீட்டிலிருக்கும் குடும்பத்துக்கு எளிதன்று. ஆயினும் தவறான இடத்திற் கொட்டில் கட்டியவர் அதனைப் பிரித்து வேறிடத்தில் நாட்டலாம். பிள்ளைகள் உறங்கும் வீட்டுக்கு அவ்வாய்ப்பில்லை.