சுவர்ல ஒரு ஓட்டை: மெட்ரோ ஸ்டேஷனுக்கு அடியில தீ எங்க நிக்கும்?

விம்கோ நகர்ல மெட்ரோ ஏறியிருக்கீங்களா? விம்கோன்னா வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனி. ஆமா, தீப்பெட்டிக் கம்பெனி பேர்ல ஒரு ஸ்டேஷன்! அங்க ஏறினா திருவொற்றியூர், காலடிப்பேட்டை, டோல்கேட் எல்லாம் உயரத்துல போகும். தண்டையார்பேட்டை வர்றதுக்குள்ள ரயில் பூமிக்குள்ள இறங்கிடும். 2021 பிப்ரவரியில திறந்த பாதை இது. தண்டையார்பேட்டை, தியாகராயா கல்லூரி மாதிரி நிலத்தடி ஸ்டேஷன்கள்ல பயணிகள் கண்ணுக்குப் படாத அறைகளைப் பத்தித்தான் இந்த எபிசோட்.

'அனுமதி இல்லை'ன்னு எழுதின கதவுகளைப் பார்த்திருப்பீங்க. அதுக்குப் பின்னாடிதான் டிரான்ஸ்ஃபார்மர், சிக்னல் கருவிகள், யுபிஎஸ் பேட்டரி, சுரங்கத்துப் புகையை வெளியே தள்ளுற ஃபேன்களோட பேனல் எல்லாம் இருக்கும். இதுல ஒண்ணு பத்திக்கிச்சுன்னா? மேல இருக்கிற கட்டிடத்துல ஜன்னலைத் திறந்தா புகை போயிடும். கீழ ஜன்னலே கிடையாது. புகையும் மேலதான் போகும், மக்களும் மேலதான் ஓடணும். மக்கள் ஏறுற படிக்கட்டுகள் வழியாவே புகையும் ஏறலாம்.

அதனால அந்த அறையில பிடிச்ச தீ அந்த அறையிலேயே நிக்கணும். அலாரம், ஸ்ப்ரிங்க்ளர், கேஸ் சிலிண்டர் இதெல்லாம் அந்த நேரத்துல 'வேலை செய்யணும்'. ஆனா சுவர், கதவு, கூரை அப்படியில்ல. கரண்ட் வேணாம், சென்சார் வேணாம். சும்மா நிக்கிறதுதான் அதோட வேலை. இதைத்தான் பேசிவ் ஃபயர் புரொடக்‌ஷன்னு சொல்றாங்க.

'2 மணி நேரச் சுவர்'னு ஒரு பேச்சு வரும். சாம்பிள் சுவரைக் கட்டி ஃபர்னஸ் முன்னாடி நிறுத்துவாங்க. அரை மணியில சுமார் 840 டிகிரி, 1 மணியில 945, 2 மணியில 1050 டிகிரி செல்சியஸ் வரை சூடு ஏத்துவாங்க. தீ அந்தப் பக்கம் வரக்கூடாது. அது மட்டும் போதாது. பின்பக்கச் சூடு சராசரியா 140 டிகிரிக்கு மேல உயரவும் கூடாது. ஏன்னா தீ தொடாமலே, வெறும் சூட்டுலயே அடுத்த அறையில இருக்கிற பொருள் பத்திக்கலாம்.

சரி, சுவர் பாஸ். ஆனா அந்தச் சுவரைத் துளைச்சுக்கிட்டுத்தான் நூத்துக்கணக்கான கேபிள் போகுது. கதையே இங்கதான்.

1975 மார்ச் 22, அமெரிக்காவுல அலபாமா. பிரவுன்ஸ் ஃபெர்ரி அணுமின் நிலையம். கேபிள் போற ஓட்டையில காத்து கசியுதான்னு பார்க்க ஒரு மெழுகுவர்த்தியைப் பக்கத்துல பிடிச்சாங்க. ஓட்டையை அடைச்சிருந்தது பாலியூரித்தேன் ஃபோம். காத்தோட்டம் தீயை உள்ள இழுத்தது, ஃபோம் பிடிச்சது, சுவரைத் தாண்டி ரியாக்டர் கட்டிடத்துக்குள்ள போயிடுச்சு. அணைக்க 7 மணி நேரம் ஆச்சு. 1,600-க்கும் மேல கேபிள் பாழ். முதல் ரியாக்டரோட அவசரக் குளிர்விப்பு அமைப்பே முடங்கிடுச்சு. தீயை நிறுத்த வேண்டிய அடைப்புதான் தீக்கு விறகா ஆச்சு!

அப்போ எதால அடைக்கணும்? ராக்வுல், தீ தாங்குற மார்ட்டர், அப்புறம் எனக்குப் பிடிச்ச ஒண்ணு: சூடு பட்டா உப்புற சீலன்ட். அப்பளம் எண்ணெயில உப்புதே, அதே மாதிரி. கேபிளோட பிளாஸ்டிக் உறை எரிஞ்சு இடைவெளி விழும்போது இது பெருத்து அதை மூடிடும். ஹார்டுவேர் கடையில கிடைக்கிற சாதா ஃபோம் டப்பாவும் பார்க்க நல்லா அடைச்ச மாதிரிதான் இருக்கும். ஆனா எரியும்.

திறப்பு விழா அன்னைக்கு எல்லா ஓட்டையும் அடைச்சிருக்கும்னே வச்சுக்குவோம். மூணு வருஷம் கழிச்சு ஒருத்தர் புது சிசிடிவி கேபிள் இழுக்க வர்றார். சீலைக் குத்துறார், கேபிளை விடுறார், போயிடுறார். டைல்ஸ் உடைஞ்சா எல்லாரும் பார்ப்பாங்க. ஃபால்ஸ் சீலிங்குக்கு மேல இருக்கிற ஓட்டையை யார் பார்ப்பா? இன்னொரு நஷ்டமும் இருக்கு. இந்த மாதிரி அறைகள்ல தண்ணி அடிச்சா மெஷின் போயிடும்னு கேஸ் விட்டுத்தான் தீயை அணைப்பாங்க. கேஸ் கொஞ்ச நேரமாவது உள்ளேயே நின்னாதான் பலிக்கும். ஓட்டை இருந்தா அதுவும் கசிஞ்சுடும். அதனாலதான் ஒவ்வொரு ஓட்டைக்கும் நம்பர், பக்கத்துல டேக், எந்தத் தேதியில யார் அடைச்சாங்கன்னு ரிஜிஸ்டர் வேணும்னு இந்த வேலை தெரிஞ்சவங்க பிடிவாதமா நிக்கிறாங்க.

இந்த எபிசோடுக்குப் படிச்சிட்டு எங்க அபார்ட்மெண்ட்ல கேபிள் போற ஷாஃப்ட்டைத் திறந்து பார்த்தேன். கீழ நின்னு டார்ச் அடிச்சா நாலாவது மாடி தெரியுது. அசோசியேஷன்ல சொல்லியிருக்கேன். பெயிண்ட் வேலை முடியட்டும்னு சொல்றாங்க.