ஏழாண்டு இடைவெளியில் இரண்டு கிராபிக்ஸ் கார்டுகள்

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள தம்பிலுவில் கண்ணகை அம்மன் கோயிலில் வைகாசி மாதம் நிகழும் குளிர்த்திச் சடங்கும், அடுத்த ஊராகிய திருக்கோவிலின் ஆடி அமாவாசைத் தீர்த்தமும், அக்கரைப்பற்றிலும் கல்முனையிலும் நடைபெறும் நிக்காஹ் வைபவங்களும் இக்காலத்தில் கமராவுக்குத் தப்புவதில்லை. அவ்விதம் பதிவான காட்சிகளை வெட்டித் தொகுத்து, வர்ணம் சீர்செய்து, லண்டனிலும் டொரொன்டோவிலும் காத்திருக்கும் உறவினருக்கு அனுப்பிவைக்கும் தொழில், இக்கடற்கரை ஊர்களின் இளைஞர் பலருக்கு ஜீவனோபாயமாகியிருக்கிறது. அவர்களுள் ஒருவர் கணினி வாங்க எண்ணினால் முதலில் எழும் கேள்வி, பாவித்த பழைய கிராபிக்ஸ் கார்ட் போதுமா, கடன்பட்டேனும் புதியதை வாங்க வேண்டுமா என்பதே. ஒரு குடும்பத்தின் பல மாதச் சேமிப்பு இதில் அடங்கியிருப்பதால், கடைக்காரர் சொல்லும் 'இது லேட்டஸ்ட்' என்ற ஒற்றை வார்த்தையோடு தீர்ந்துபோகத்தக்க விஷயம் இதுவன்று.

கணினியின் பிரதான மூளையாகிய சிபியு, சிக்கலான கருமங்களை ஒன்றன்பின் ஒன்றாக அதிவேகத்தில் முடிப்பதில் சமர்த்துள்ளது. திரையில் தோன்றும் படமோ புள்ளிகளாலானது. 4கே எனப்படும் படமொன்றில் ஏறத்தாழ 83 இலட்சம் புள்ளிகள் உண்டு. ஒவ்வொன்றின் நிறத்தையும் தனித்தனியே கணிக்க வேண்டும். கணக்கு எளிது, எண்ணிக்கைதான் மிகுதி. பெரும்போக வெள்ளாமை வெட்டுக்கு அதிசமர்த்தன் ஒருவனைக் காட்டிலும், வரிசையாக நின்று தத்தம் பங்கை அறுக்கும் நூறு பேரே உதவுவது போல, இவ்வேலைக்கு ஆயிரக்கணக்கான சிறு கணிப்பகங்கள் ஒரே வேளையில் உழைப்பதே தகும். அக்கணிப்பகங்களின் கூட்டமே கிராபிக்ஸ் கார்ட்.

நடுத்தர வருவாயினரை மனத்திற்கொண்டு என்விடியா நிறுவனம் வெளியிட்ட இரு கார்டுகளை எடுத்துக்கொள்வோம்: ஒன்று 2016 ஜூலையில் வந்த ஜிடிஎக்ஸ் 1060, மற்றது 2023 ஜூனில் வந்த ஆர்டிஎக்ஸ் 4060. பழையதில் 1,280 கணிப்பகங்கள், புதியதில் 3,072. பழையதன் சில்லில் 440 கோடி டிரான்சிஸ்டர்கள் 200 சதுர மில்லிமீற்றர் பரப்பில் அமைந்திருக்க, புதியதிலே 1,890 கோடி டிரான்சிஸ்டர்கள் 159 சதுர மில்லிமீற்றருக்குள் அடங்கிவிட்டன. ஒவ்வொரு டிரான்சிஸ்டரும் சிறுத்து, அது தொழிற்படத் தேவையான மின்சாரமும் குறைந்ததன் பலனாக, பழைய கார்ட் 120 வாற்று மின்சாரத்தில் செய்துவந்ததைப் போல இருமடங்குக்கு மேற்பட்ட வேலையை, புதியது 115 வாற்றிலேயே செய்கிறது. வேகத்தைப் பற்றிய ஆரவாரத்துக்கிடையே அதிகம் பேசப்படாத இச்சிக்கனமே, என் அபிப்பிராயத்தில், அவ்வேழாண்டுகளின் உண்மையான சாதனை. 2022 மார்ச் இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேரம் வரை மின்வெட்டை அனுபவித்த நாட்டில், யுபிஎஸ் பற்றரி எவ்வளவு நேரம் தாங்கும் என்ற கவலையோடு படம் தொகுத்தவர்களுக்கு இதன் அருமையை விளக்க வேண்டியதில்லை.

ஆயினும் புதியது எல்லா அம்சத்திலும் பெரியது என்று கொள்வதும் தவறு. கணிப்பகங்களுக்கும் நினைவகத்துக்கும் இடையிலுள்ள பாதை பழையதில் 192 பிட் அகலம். புதியதில் 128 பிட் மட்டுமே. நினைவகத்தின் வேகம் கூடியதாலும், சில்லினுள்ளேயே இருக்கும் தற்காலிக நினைவகம் 1.5 மெகாபைற்றிலிருந்து 24 மெகாபைற்றாகப் பெருகியதாலும் அக்குறை பெரும்பாலும் ஈடுசெய்யப்பட்டுவிடுகிறது. ஈடுசெய்யப்படாதது நினைவகத்தின் கொள்ளளவு. 2021இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3060 கார்டுக்கு 12 ஜிகாபைற் கொடுத்தவர்கள், அடுத்த தலைமுறையின் ஆர்டிஎக்ஸ் 4060 கார்டுக்கு 8 ஜிகாபைற்றோடு நிறுத்திக்கொண்டது வருந்தத்தக்கது. 4கே காட்சிகளை அடுக்கடுக்காக வைத்து வர்ணம் சீர்செய்கிறவருக்கு வேகத்தினும் கொள்ளளவே பிரதானம்.

விலையைப் பார்த்தால், அமெரிக்காவில் வித்தியாசம் அற்பமே: 249 டொலரில் தொடங்கியது 299 டொலராயிற்று. ஆனால் 2016இன் நடுப்பகுதியில் டொலரொன்று சுமார் 145 ரூபா. 2023இன் நடுப்பகுதியிலோ 300 ரூபாவைச் சுற்றி நின்றது. ஆகவே வரியையும் வியாபாரியின் இலாபத்தையும் சேர்க்காமலே, 36,000 ரூபாப் பொருள் 90,000 ரூபாப் பொருளாகிவிட்டது. அங்கே ஐந்தில் ஒரு பங்கு ஏறிய விலை, நம்மவருக்கு இரண்டரை மடங்காயிற்று. பழைய கார்டைப் பாவித்துக்கொண்டிருப்பவரைக் காலத்துக்குப் பின்தங்கியவர் என்று ஒருவரும் இகழ நியாயமில்லை.

வீடியோ தொழிலுக்கு மட்டும் உரிய ஒரு விசேஷத்தையும் சொல்ல வேண்டும். கமரா சுருக்கிப் பதிந்த காட்சியை விரிப்பதற்கும், முடித்த படத்தை மீண்டும் சுருக்குவதற்கும் கார்டிலே தனிப் பிரிவுகள் உள. ஏவி1 என்னும் புதிய சுருக்கமுறையை ஜிடிஎக்ஸ் 1060 அறியாது. ஆர்டிஎக்ஸ் 4060 அதில் எழுதவும் வாசிக்கவும் வல்லது. ஆனால் அண்மைக்காலக் கமராக்கள் பதியும் 10 பிட் 4:2:2 என்னும், வர்ண விபரம் மிகுந்த காட்சிகளை விரிக்கும் ஆற்றல் இவ்விரண்டுக்குமே இல்லை. என்விடியா அதனை 2025இல் வந்த 50 வரிசையிலேதான் சேர்த்தது. அதற்கு முன்னரே இன்டெல் நிறுவனத்தின் 11ஆம் தலைமுறைச் சிபியுக்களில் உள்ளிணைந்த கிராபிக்ஸ், எச்.265 முறையில் பதிவான அவ்வகைக் காட்சிகளை இலகுவாக விரித்துவந்தது. அத்தகைய கமரா வைத்திருப்பவர், கார்டுக்கு முன் சிபியுவைக் கவனிப்பதே புத்தி.

பாவித்த கார்ட் வாங்குவோர்க்கு வேறு சில எச்சரிக்கைகள் அவசியம். 2022 செப்டெம்பரில் எதீரியம் என்னும் மின்னணு நாணயம் தன் முறையை மாற்றிக்கொள்ளும் வரை, இரவு பகலாக அந்நாணயக் கணக்குக்கு உழைத்த கார்டுகள் பின்னர் சந்தைக்கு வந்தன. அவற்றுள் ஒன்றில், விசிறியின் தாங்கியும் வெப்பப் பசையும் தேய்ந்து உலர்ந்திருக்கக்கூடும். கடலோரத்தில் இருந்த கார்டானால் உப்புக் காற்றினால் முனைகள் பச்சை பிடித்திருக்கின்றனவா என்று பார்க்க வேண்டும். அரை மணி நேரமாவது கடும் வேலை கொடுத்து ஓட்டிப் பார்த்தே காசைக் கொடுக்க வேண்டும். ஜிடிஎக்ஸ் 10 வரிசைக்குப் புதிய டிரைவர்கள் வருவது 2025 ஒக்டோபரோடு நின்றுவிட்டது; பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் 2028 ஒக்டோபர் வரை கிடைக்கும் என்று நிறுவனம் அறிவித்திருக்கிறது.

பழைய கணினியில் புதிய கார்டைப் பொருத்த எண்ணுபவர் இன்னொன்றையும் அறிதல் வேண்டும். தாய்ப்பலகையோடு பேசுவதற்கு ஜிடிஎக்ஸ் 1060 பதினாறு தடங்களைப் பயன்படுத்தும். ஆர்டிஎக்ஸ் 4060 எட்டையே பயன்படுத்தும். அவ்வெட்டும் நான்காம் தலைமுறை பிசிஐ எக்ஸ்பிரஸ் இணைப்புள்ள பலகையில் வேகமாகச் செல்லும். மூன்றாம் தலைமுறைப் பலகையிலோ அவற்றின் வேகம் பாதியாகிவிடும். சாதாரண வேலைகளில் இக்குறை அவ்வளவாகத் தெரியாது. கார்டின் 8 ஜிகாபைற்றும் நிரம்பி, மிகுதியைக் கணினியின் நினைவகத்திலிருந்து எடுக்க நேரும் பெரிய படங்களில்தான் தாமதம் கண்கூடாகும்; அத்தகைய வேலையுள்ளவர், பலகையையும் சேர்த்து மாற்றுவதற்கு வேண்டிய பணம் சேரும் வரை பொறுத்திருப்பது நலம்.