இரண்டு லைன், ஒரே குழாய்

ஜொகூரின் தெப்ராவில் ஒரு தொழிற்சாலை, பாசிர் கூடாங்கில் அதன் கிடங்கு, இரண்டுக்கும் நடுவே ஒரு ஃபைபர் லைன் என்று வைத்துக்கொள்வோம். சரக்குக் கணக்கு, சம்பளப் பட்டியல், கண்காணிப்பு கேமரா, தொலைபேசி எல்லாம் அந்த ஒரு கண்ணாடி இழையில்தான் ஓடுகின்றன. சாலையோரம் தோண்டும் பேக்ஹோ அதை அறுத்துவிட்டால் டெலிவரி ஆர்டர் அச்சாகாது. லாரி கேட்டிலேயே நிற்கும். இதற்குப் பயந்துதான் நிர்வாகங்கள் இன்னொரு நிறுவனத்திடம் இரண்டாவது லைன் வாங்குகின்றன. மாதந்தோறும் இரண்டு பில் வருகிறது, மனதுக்கும் நிம்மதியாக இருக்கிறது. ஆனால் அந்த நிம்மதி பில்லைப் பார்த்து வருவது, மண்ணுக்கு அடியில் பார்த்து வருவதில்லை. இரண்டு லைனும் ஒரே காரணத்தால் சாகக்கூடியவை என்றால், காசு கொடுத்து வாங்கியது இரண்டு பில்லை மட்டுமே.

கணக்குப் போட்டால் இது தெளிவாகும். ஒரு லைன் ஆண்டில் 99.5 விழுக்காட்டு நேரம் வேலை செய்கிறது என்போம். மீதி அரை விழுக்காடு என்பது கிட்டத்தட்ட 44 மணி நேரம். அதே தரத்தில், முதல் லைனோடு எந்த ஒட்டும் உறவும் இல்லாத இன்னொரு லைனைச் சேர்த்தால், இரண்டும் ஒரே சமயத்தில் படுத்துவிடும் நேரம் ஆண்டுக்கு வெறும் 13 நிமிடம். ஆனால் ஒவ்வொரு லைனின் பழுது நேரத்திலும் பத்தில் ஒரு பங்குக்குக் காரணம் இரண்டுக்கும் பொதுவானது என்றால், அந்த 13 நிமிடம் சுமார் நாலரை மணி நேரமாக ஊதிவிடும். 20 மடங்குக்கும் மேல்! லைன்களின் தரம் மாறவில்லை, வாடகையும் மாறவில்லை. மாறியது அவற்றின் உறவு மட்டுமே.

இந்தப் பாடத்தை ஜொகூர் மண் ஏற்கெனவே படித்திருக்கிறது. தெப்ராவ் நீரிணையின் குறுக்கே 1924இல் முறைப்படி திறக்கப்பட்ட கடற்பாலம் சாலையையும் ரயில் பாதையையும் சுமந்தது. பிறகு, ஜொகூரிலிருந்து சிங்கப்பூருக்குத் தண்ணீர் கொண்டுபோகும் குழாயும் அதன் மீதே போடப்பட்டது. சாலை, ரயில், தண்ணீர் என்று பேருக்கு மூன்று இணைப்புகள். 1942 ஜனவரி 31 அன்று பின்வாங்கிய நேச நாட்டுப் படை அதில் சுமார் 70 அடி அகலத்துக்கு ஒரு பிளவை வெடி வைத்து உண்டாக்கியபோது மூன்றும் ஒன்றாக அறுந்தன. ஒரே கரை, ஒரே வெடி. இரண்டாவது பாலம் 1998இல் திறக்கப்பட்டபோது அது பழைய பாலத்தின் பக்கத்தில் அமையவில்லை. மேற்கே வெகுதொலைவில், துவாஸ் பக்கம் அமைந்தது. ஒரு பாலத்தில் விபத்து நடந்தால் மறுபாலம் பயன்படுவது இந்தத் தூரத்தால்தான்.

பாலம் கண்ணுக்குத் தெரியும், கேபிள் தெரியாது. சிக்கல் அங்கேதான். மலேசியாவில் வெவ்வேறு நிறுவனங்கள் விற்கும் ஃபைபர் சேவைகளில் பல, டிஎம் (டெலிகோம் மலேசியா) நிறுவனத்தின் கேபிளை மொத்த வாடகைக்கு எடுத்து விற்கப்படுபவை. அதில் முறைகேடு எதுவும் இல்லை. விலை குறைய அதுவே வழி. ஆனால் பில்லில் உள்ள பெயர் வேறாக இருப்பதால் கேபிளும் வேறு என்று முடிவு கட்டிவிட முடியாது. 2013 அக்டோபர் 9 அன்று சிங்கப்பூரின் புக்கிட் பாஞ்சாங் தொலைபேசி நிலையத்தில் தீப்பிடித்தபோது சிங்டெல் வாடிக்கையாளர்களோடு ஸ்டார்ஹப், எம்1 வாடிக்கையாளர்களும் இணைப்பை இழந்தனர். வங்கிச் சேவைகளும் தடைப்பட்டன. சிங்டெலுக்கு 60 லட்சம் வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. மூன்று நிறுவனம், ஒரே கட்டடம். கனடாவிலோ 2022 ஜூலை 8 அன்று ரோஜர்ஸ் நிறுவனத்தின் கைப்பேசிச் சேவையும் வீட்டு இணையமும் ஒன்றாக விழுந்தன, ஏனெனில் இரண்டுக்கும் மையம் ஒன்றே. வீட்டு லைன் போனால் கைப்பேசி இருக்கிறதே என்று நம்பியிருந்தவர்களுக்கு அன்று இரண்டுமே இல்லை.

வழிகள் உண்மையிலேயே வேறு என்றாலும் வேலை முடிந்துவிடவில்லை. முதல் லைன் செத்தது என்பதை ரவுட்டர் உணர்ந்தால்தான் இரண்டாவதற்குத் தாவும். நடுவழியில் எங்கோ பாதை அறுந்திருந்தாலும், சுவரிலுள்ள பெட்டியின் பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருக்கலாம். பிஜிபி என்ற வழித்தட நெறிமுறை, சில ரவுட்டர்களின் இயல்பு அமைப்பில், மறுமுனை மௌனமாகி 180 விநாடி கழிந்த பிறகே அது இல்லை என்று முடிவு செய்யும். இதைச் சில விநாடிகளாக, அதற்கும் குறைவாகக்கூட, மாற்றி அமைக்கலாம். ஆனால் யாராவது மாற்றியிருக்க வேண்டும். 2023 அக்டோபர் 14 அன்று சிங்கப்பூரில் ஒரு தரவு மையத்தின் குளிரூட்டும் அமைப்பு பழுதானபோது டிபிஎஸ், சிட்டி வங்கிகள் தங்கள் மாற்று மையங்களுக்குத் தாவ முயன்றன. டிபிஎஸ் தரப்பில் நெட்வொர்க் அமைப்பில் இருந்த பிழையும், சிட்டி தரப்பில் இணைப்புக் கோளாறும் முழுமையான மீட்சியைத் தடுத்தன. சுமார் 25 லட்சம் பரிவர்த்தனைகள் நிறைவேறவில்லை. வசதிக்குக் குறைவில்லாத வங்கிகளுக்கே, மாற்று வழி இருந்தும் அந்த நேரத்தில் கைகொடுக்கவில்லை.

இதற்கெல்லாம் பணம் எங்கே என்று சிறு நிறுவனங்கள் கேட்பது நியாயம்தான். ஆனால் மாற்று லைன் முதல் லைனுக்குச் சமமாக இருக்க வேண்டியதில்லை. வேறு காரணத்தால் சாகக்கூடியதாக இருந்தால் போதும். டெலிவரி ஆர்டருக்கும் இன்வாய்ஸுக்கும் தேவைப்படும் வேகம் சொற்பம். கேமராப் படங்கள் ஒரு நாள் காத்திருக்கலாம். ஒரு 4ஜி ரவுட்டரும், முதல் லைனோடு பொது மையம் இல்லாத ஒரு சிம்மும் அந்தச் சொற்பத்தைத் தாங்கும். 2023இல் மலேசியாவில் உரிமம் பெற்ற ஸ்டார்லிங்க் போன்ற செயற்கைக்கோள் சேவை கனமழையில் தடுமாறலாம்; ஆனால் மழைக்கும் பேக்ஹோவுக்கும் கூட்டு இல்லை. சேவை ஒப்பந்தத்தில் இழப்பீடு உண்டே என்பது இன்னொரு வாதம். பொதுவாக அந்த இழப்பீடு லைன் வாடகையில் கழிவாக வரும்; கேட்டில் நின்ற லாரிக்கு வராது. கருவிகள் கூடினால் குழப்பமும் கூடும் என்பது மூன்றாவது வாதம், மூன்றிலும் வலுவானது இதுவே. மேலே சொன்ன வங்கிகளின் கதையும் அதைத்தான் காட்டுகிறது. அதற்கு விடை மாற்று வழியைக் கைவிடுவது அல்ல, அதை அடிக்கடி ஓட்டிப் பார்ப்பது.

ஆகவே ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் கேட்க வேண்டிய முதல் கேள்வி விலை அல்ல, வழி. எந்தச் சாலை, எந்தத் தொலைபேசி நிலையம், யாருடைய கேபிள் என்று வரைபடத்தோடு எழுத்தில் கேட்க வேண்டும். பிறகு தொழிற்சாலை கேட் அருகே தரையில் உள்ள மூடியைத் திறந்து பார்க்க வேண்டும். இரண்டு கேபிளும் ஒரே குழாய்க்குள் நுழைந்தால் அதற்கு அப்பால் வழிகள் எவ்வளவு பிரிந்தாலும் அந்தச் சில அடி மண் இரண்டுக்கும் பொது எதிரி. உள்ளே வந்தால், இரண்டு ரவுட்டர்களின் வயரும் ஒரே யுபிஎஸ்ஸில் செருகப்பட்டிருக்கிறதா என்று குனிந்து பார்க்க வேண்டும். கடைசியாக, மாதம் ஒரு முறை, எல்லோரிடமும் சொல்லிவிட்டு, வேலை நேரத்திலேயே முதல் லைனைப் பிடுங்க வேண்டும். கிடங்கில் அடுத்த டெலிவரி ஆர்டர் அச்சாகி வெளியே வந்தால் அந்த நிறுவனத்திடம் இருப்பது இரண்டு லைன். வராவிட்டால் ஒன்றுதான்.