கைபேசி மின்னேற்றியின் பாதுகாப்புச் சோதனையும் கட்டாயப் பதிவும்

கைபேசி மின்னேற்றி (சார்ஜர்) என்பது 230 வோல்ட் மாறுதிசை மின்சாரத்தை 5 வோல்ட் போன்ற தாழ்ந்த நேர்த்திசை மின்சாரமாக மாற்றித் தரும் மின்னணுக் கருவியாகும். இந்தியாவில் ஆய்வகச் சோதனையும் இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பிஐஎஸ்) பதிவும் இல்லாமல் இதனை உற்பத்தி செய்யவோ, இறக்குமதி செய்யவோ, விற்கவோ கூடாது. தீப்பெட்டி அளவுள்ள ஒரு பொருளுக்கு இத்தனை கட்டுப்பாடு ஏன் என்பது அதன் உள்ளமைப்பைப் பார்த்தால் விளங்கும்.

உள்ளமைப்பும் ஆபத்தும்

230 வோல்ட் என்பது பயனுறு மதிப்பு மட்டுமே. உச்ச மதிப்பு அதைப்போல் 1.414 மடங்கு என்பதால், மின்னேற்றிக்குள் திருத்தப்பட்ட மின்னழுத்தம் ஏறத்தாழ 325 வோல்ட் இருக்கும். இதை ஒரு டிரான்சிஸ்டர் நொடிக்குப் பல்லாயிரம் முறை விட்டுவிட்டுச் செலுத்த, சிறிய மின்மாற்றி ஒன்று அதனை 5 வோல்ட்டாகக் குறைக்கிறது. ஆகவே ஒரே பலகையின் ஒரு பக்கத்தில் உயிரைப் பறிக்கக்கூடிய 325 வோல்ட்டும், மறு பக்கத்தில் குழந்தை தொடும் கைபேசியோடு இணையும் கம்பியும் உள்ளன. இரண்டையும் பிரிப்பது மின்காப்பு ஒன்றே.

பலகையின் மேற்பரப்பு வழியாக இவ்விரு பக்கங்களுக்கும் இடையே பொதுவாக 5 மில்லிமீட்டர் இடைவெளி வேண்டும். மின்மாற்றியின் துணைச்சுருளை மூன்றடுக்கு உறையிட்ட கம்பியால் சுற்றுவது நல்ல முறை. மலிவான போலிகளில் வெறும் எனாமல் கம்பியும் ஓரிரு சுற்று ஒட்டுநாடாவும் மட்டுமே இருக்கும். இடைவெளியும் ஒரு மில்லிமீட்டருக்குக் குறைந்திருப்பதுண்டு. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். போலியும் கைபேசிக்கு மின்னேற்றத்தானே செய்கிறது!

மின்னேற்றியில் இணைத்த உலோக உடல் கொண்ட கைபேசியைத் தொட்டால் சிலருக்கு மெல்லிய கூச்சம் தெரியும். இரைச்சலைக் குறைப்பதற்காக இரு பக்கங்களையும் இணைக்கும் ‘ஒய்’ வகை மின்தேக்கி வழியாகக் கசியும் மின்னோட்டமே அதற்குக் காரணம். இது 0.25 மில்லி ஆம்பியரைத் தாண்டக்கூடாது என்பது விதி. ‘ஒய்’ வகை மின்தேக்கி, பழுதானாலும் குறுக்குச்சுற்று ஆகாத வகையில் செய்யப்படுவது. அதற்குப் பதிலாகச் சாதாரண மின்தேக்கியைப் பொருத்திச் சில காசுகளை மிச்சப்படுத்தினால், அது பழுதாகும் நாளில் 325 வோல்ட் நேராகக் கைபேசிக்கு வந்துவிடும்.

ஆய்வகச் சோதனைகள்

மின்னேற்றிகள் ஐஎஸ் 13252 (பகுதி 1) என்ற தரநிலைப்படி சோதிக்கப்பட்டு வந்தன. இது ஐஇசி 60950-1 என்ற பன்னாட்டுத் தரநிலையைப் பின்பற்றியது. இப்போது ஐஎஸ்/ஐஇசி 62368-1 அதன் இடத்தைப் பிடித்து வருகிறது. பழைய தரநிலை விதிகளை அடுக்கிச் சொன்னது. புதியதோ கருவியிலுள்ள ஒவ்வோர் ஆற்றல் மூலத்தையும் மூன்று வகுப்புகளாகப் பிரித்து, அதற்கும் மனிதனுக்கும் நடுவே என்ன தடுப்பு இருக்கிறது என்று கேட்கிறது.

இவற்றுள் முதன்மையானது மின்காப்பு வலிமைச் சோதனை. முதலில் கருவியை ஈரப்பதம் மிகுந்த அறையில் 48 மணி நேரம் வைப்பார்கள். பின்னர் உள்ளீட்டுக்கும் வெளியீட்டுக்கும் இடையே ஒரு நிமிடம் 3,000 வோல்ட் செலுத்துவார்கள், மின்காப்பு முறியக்கூடாது. நம் ஊர் மழைக்காலத்தை நினைத்தால், ஈர அறையில் வைப்பது ஏன் என்று விளக்கத் தேவையில்லை. ஒரு மீட்டர் உயரத்திலிருந்து மூன்று முறை கீழே போட்டுப் பார்ப்பதும் உண்டு. உறை உடைந்து, விரல் வடிவச் சோதனைக் கோல் உள்ளிருக்கும் மின்பகுதியைத் தொட்டால் அது தோல்வி. உறுப்புகளை ஒவ்வொன்றாக வேண்டுமென்றே பழுதாக்கியும் பார்ப்பார்கள். கருவி செயலிழந்து போகலாம், தீப்பிடிக்கக் கூடாது.

கட்டாயப் பதிவு

மத்திய அரசு 2012-ல் பிறப்பித்த ஆணை முதலில் 15 வகை மின்னணுப் பொருட்களுக்குப் பதிவைக் கட்டாயமாக்கியது. கைபேசி, மின்னேற்றி, பவர் பேங்க் ஆகியவை 2014-ல் சேர்க்கப்பட்டன. பிஐஎஸ் ஏற்பு பெற்ற ஆய்வகத்தின் அறிக்கையுடன் உற்பத்தியாளர் விண்ணப்பிக்க வேண்டும். ஒவ்வொரு தொழிற்சாலைக்கும் தனிப் பதிவு தேவை. வெளிநாட்டுத் தொழிற்சாலை இந்தியாவில் ஒரு பொறுப்பாளரை நியமிக்க வேண்டும்.

இத்திட்டம் உற்பத்தியாளரின் சுய உறுதிமொழியை அடிப்படையாகக் கொண்டது. ஆய்வகம் பார்ப்பது அவர் அனுப்பிய மாதிரியைத்தான். அடுத்த மாதம் தொழிற்சாலையில் மின்தேக்கியை மாற்றினால் அந்த அறிக்கை அதைக் காட்டாது. அதனால்தான் சந்தையிலிருந்து மாதிரி எடுத்து மீண்டும் சோதிக்கும் கண்காணிப்பு இத்திட்டத்தில் இன்றியமையாதது. அதில் தவறினால் பதிவை நிறுத்தவோ நீக்கவோ பிஐஎஸ்ஸுக்கு அதிகாரம் உண்டு.

முத்திரையைச் சரிபார்த்தல்

பதிவு பெற்ற மின்னேற்றியில் பிஐஎஸ் முத்திரையும், தரநிலை எண்ணும், ‘ஆர்’ என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கும் எட்டிலக்கப் பதிவெண்ணும் இருக்கும். பலரும் தர முத்திரை என்று நம்பும் ‘சிஇ’ குறி ஐரோப்பியச் சந்தைக்கானது. ‘எஃப்சிசி’ குறி வானொலி அலை இடையூறு பற்றிய அமெரிக்க விதி சார்ந்தது. இரண்டும் இந்தியப் பதிவுக்கு ஈடாகா.

‘பிஐஎஸ் கேர்’ செயலியில் பதிவெண்ணை இட்டால் உற்பத்தியாளர் பெயர், வணிகப் பெயர், பொருள் வகை முதலிய விவரங்கள் தெரியும். எண் உண்மையானது என்பது மட்டும் போதாது. வேறொரு நிறுவனத்தின் எண்ணை அப்படியே அச்சிட்ட போலிகளும் இருக்கக்கூடும் என்பதால், செயலி காட்டும் விவரங்கள் கையிலுள்ள பொருளோடு பொருந்துகின்றனவா என்று பார்க்க வேண்டும். பொருந்தாவிட்டால் அதே செயலியில் புகார் பதியலாம்.