தண்ணீருக்கு ஒரு குத்தகை

பாரிசின் லாச்சப்பல் தேத்தண்ணிக் கடையில் மேசைக்கு முதலில் வருவது ஒரு கண்ணாடிக் குடுவைத் தண்ணீர். தம்பி அதைத் தொடவில்லை. பிரான்சுக்கு வந்து ஒன்றரை வருசம். வேலை முடிந்து போகும்போது ஆறு போத்தில் கட்டு ஒன்றை வாங்கி, லிப்ட் இல்லாத நாலாம் மாடிக்குத் தூக்கிக்கொண்டு ஏறுகிறவன்.

"குடி. நல்ல தண்ணி. ஆயிரம் லீற்றருக்குச் சில யூரோதான்."

"இல்லையண்ணை, உலகம் முழுக்கத் தண்ணியைக் கம்பனிக்காரர் பிடிச்சிட்டாங்கள் எண்டு ஒரு வீடியோவில பாத்தனான். இஞ்சயும் அப்பிடித்தானே?"

பாதி சரி. மிச்சப் பாதியைச் சொல்ல ஒரு தேத்தண்ணி போதாது என்று இரண்டு சொன்னேன்.

"உனக்குத் தண்ணி பில் வந்திருக்கோ?" என்று கேட்டேன். யோசித்தான். கரண்ட் பில் வருகிறது, போன் பில் வருகிறது, தண்ணீருக்கு எதுவும் வந்த ஞாபகம் இல்லை. விசயமே அங்கேதான் தொடங்குகிறது. பாரிசில் இருபது லட்சத்துக்கும் மேல் சனம். தண்ணீர்க் கணக்கு வைத்திருப்பதோ ஒரு லட்சத்துக்கும் குறைவான வாடிக்கையாளர்கள். பெரும்பாலும் முழுக் கட்டடத்துக்கும் ஒரே மீட்டர். வாடகையோடு சேர்த்துக் கட்டும் 'ஷார்ஜ்' காசுக்குள் தண்ணீரும் ஒளிந்திருக்கிறது. விலையைப் பார்க்காதவன் விலையைப் பற்றிச் சண்டை பிடிக்க மாட்டான். தண்ணீர் வியாபாரத்துக்கு இதைவிட வசதி வேறென்ன?

1980களின் நடுவில் ஜாக் சிராக் பாரிஸ் மேயராக இருந்தபோது, தண்ணீர் விநியோகம் இரண்டு தனியார் கம்பனிகளிடம் போனது. செய்ன் ஆற்றின் வலது கரை ஜெனரால் தெ ஸோவுக்கு. இடது கரை லியோனெஸ் தெ ஸோவுக்கு. முதலாவதுதான் இன்றைய வெயோலியா, மற்றது சுவெஸ். நாங்கள் இருக்கிற இந்தத் தெரு வலது கரை. 1985 முதல் 25 வருச ஒப்பந்தம். இரண்டு வருசம் கழித்து, தண்ணீரை எடுத்துச் சுத்திகரிக்கும் வேலைக்கும் 'சாஜெப்' என்றொரு கலப்புக் கம்பனி வந்தது. அதில் நகரசபைக்கே பெரும்பங்கு என்றாலும், அந்த இரண்டு பேருக்கும் ஆளுக்கு 14 வீதம்.

"வித்துப்போட்டாங்கள் எண்டு சொல்லுங்கோ."

விற்கவில்லை. குழாயும் ஊற்றும் கால்வாயும் நகரத்தின் சொத்தாகவே இருந்தன. கொடுத்தது குத்தகை. ஊரில் வயலைக் குத்தகைக்கு விட்டவர்களுக்கு இது விளங்கும். உறுதி உன் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும். எத்தனை மூட்டை விளைந்தது என்பது குத்தகைக்காரன் சொன்னால்தான் தெரியும். பாரிசிலும் அதுதான் நடந்தது. மீட்டர் பார்ப்பதும் பில் அடிப்பதும் அவர்கள். குழாய் திருத்துகிற வேலையும் தங்கள் குழுமத்துக்குள்ளேயே சுற்றும். அதற்கு என்ன செலவானது, எவ்வளவு மிஞ்சியது என்று உடைமைக்காரியான நகரசபைக்கே சரியாகத் தெரியாத நிலை. 1985க்கும் 2009க்கும் இடையில் விலை இரண்டரை மடங்குக்கு மேல் ஏறியது. எல்லாவற்றையும் கம்பனிகளின் தலையில் கட்டுவதும் நியாயமில்லை. கழிவுநீர்ச் செலவும் அந்தக் காலத்தில்தான் கூடியது. ஆனால் எந்தப் பங்கு எதனால் ஏறியது என்று பிரித்துச் சொல்லக்கூடிய கொப்பி அவர்கள் கையில் இருந்தது.

யாழ்ப்பாணத்து உறுதிகளில் கிணற்றுப் பங்கு என்று எழுதுவார்கள். ஆறு பங்குக்காரர் என்றாலும், இன்றைக்கு யார் இறைக்கிறார், எவ்வளவு நேரம் இறைக்கிறார் என்று ஆறு பேருக்கும் தெரியும். சண்டையும் அதனால்தான் வரும் என்பது வேறு கதை.

2001இல் பெர்த்ரான் தெலனோயே மேயரானார். தண்ணீருக்குப் பொறுப்பாக வந்தவர் ஆன் லெ ஸ்த்ரா என்ற பெண். அவர்கள் ஒப்பந்தத்தைக் கிழித்து எறியவில்லை. கணக்கைக் கிளறினார்கள், பேரம் பேசினார்கள், 2009 கடைசியில் குத்தகை முடியும்வரை காத்திருந்தார்கள். பிறகு புதுப்பிக்கவில்லை, அவ்வளவுதான். 2010 ஜனவரி 1 முதல், எடுப்பதிலிருந்து பில் அடிப்பதுவரை 'ஓ த பாரி' என்ற நகரசபை நிறுவனம்.

கெட்டித்தனம் அந்தக் காத்திருப்பில்தான் என்று நினைக்கிறேன். பெர்லின் 1999இல் தன் தண்ணீர் நிறுவனத்தில் பாதியைத் தனியாருக்கு விற்றது. 2011இல் சனம் வாக்கெடுப்பு நடத்தி இரகசிய ஒப்பந்தங்களை வெளியே கொண்டுவந்தது. பங்குகளைத் திரும்ப வாங்கி முடிக்க நகரத்துக்கு ஏறத்தாழ 1.2 பில்லியன் யூரோ போனது. பொலிவியாவின் கொச்சபம்பாவில் 2000ஆம் ஆண்டு சனம் தெருவில் இறங்கி, உயிரும் கொடுத்துத் தண்ணீர் ஒப்பந்தத்தை இல்லாமல் ஆக்கியது. ஒப்பந்தம் வைத்திருந்த, பெக்டெல் நிறுவனத்தோடு தொடர்புடைய கம்பனி நட்டஈடு கேட்டு உலக வங்கியின் முதலீட்டுத் தகராறு மன்றத்துக்குப் போய், 2006இல்தான் வழக்கைக் கைவிட்டது. பாரிஸ் அப்படி இரத்தமோ நட்டஈடோ கொடுக்கவில்லை. தலையிடி இல்லாமலும் இல்லை: கம்பனி ஊழியர்களை ஏற்கவேண்டும், அவர்களின் சம்பள விதிகள் வேறு, பில் அடிக்கும் கணினி முறையைப் புதிதாகக் கட்டவேண்டும்.

முதல் வருசமே 35 மில்லியன் யூரோ மிச்சம். பங்குதாரருக்குப் போகவேண்டிய இலாபம் இல்லை, இடைத்தரகும் இல்லை. 2011 ஜூலையில் தண்ணீர் விலையை 8 வீதம் குறைத்தார்கள்.

"அப்ப ஷார்ஜும் குறைஞ்சதோ?"

நல்ல கேள்வி. ஒரு குடும்பத்துக்குக் கையில் தெரிகிற அளவுக்கு இராது. பில்லில் பெரும்பங்கு கழிவுநீருக்கும் வரிகளுக்கும் போகிறது. குறைந்தது குடிநீர்ப் பங்குதான். எனக்கு 8 வீதத்தைவிடப் பெரிதாகப் படுவது இன்னொன்று. நகரவாசிகள் தண்ணீர்க் கணக்கைக் கேட்டு விவாதிக்க 2006இலேயே ஒரு கண்காணிப்பு அவை வந்துவிட்டது. இன்று நிறுவனத்தின் நிர்வாகச் சபையிலும் ஊழியர்களுக்கும் பாவனையாளர் அமைப்புகளுக்கும் கதிரை உண்டு. கொப்பி திரும்பி வந்தது.

இதே சுவெஸ் 2018இல் கோயம்புத்தூரில் 24 மணி நேரக் குடிநீர் விநியோகத்துக்கு ஒப்பந்தம் போட்டது. 26 வருசம், ஏறத்தாழ 400 மில்லியன் யூரோ. தன் தலைநகரம் புதுப்பிக்க மறுத்து எட்டு வருசம் கழித்து! கட்டணத்தைத் தீர்மானிப்பது நாங்கள்தான் என்றது மாநகராட்சி. பாரிஸ் கதை தெரிந்தவர்கள் கேட்கவேண்டியது வேறு: மீட்டர்க் கணக்கும் செலவுக் கணக்கும் யாரிடம்?

தம்பி குடுவையைச் சரித்து ஒரு கிளாஸ் வார்த்தான். "பரவாயில்லை" என்றான்.

"நீ இருக்கிறது பாரிசுக்குள்ளயோ?"

"லா கூர்னெவ் அண்ணை."

அப்படியென்றால் இவ்வளவு நேரம் சொன்னது அவன் வீட்டுக் குழாய்க்குப் பொருந்தாது. நகர எல்லையைத் தாண்டினால் புறநகர்களின் கூட்டுச் சபை ஒன்று. அதற்கு நூறு வருசமாக வெயோலியாதான். பக்கத்து பொபினியும் நுவாசி-லெ-செக்கும் 2024இல் பிரிந்து சொந்தப் பொது நிறுவனத்துக்குப் போய்விட்டன. லா கூர்னெவ் போகவில்லை. கூட்டுச் சபை 2025 ஜனவரியிலிருந்து வெயோலியாவுக்கே மறுபடி 12 வருசம் கொடுத்திருக்கிறது.

அவன் விரல் மடித்தான். "2036 கடைசி. எனக்கு அப்ப முப்பத்தெட்டு."