தொலைவிலிருந்து பழுதறிதல்: டிராகன் விண்கலத்தின் உந்துபொறிச் சிக்கல்

தரையில் ஓர் இயந்திரம் பழுதுற்றால் அதனைத் திறந்து பார்க்கிறோம். சுற்றுப்பாதையில் செல்லும் ஆளில்லா விண்கலத்தைத் திறந்து பார்க்க அங்கு எவருமில்லை. கலம் அனுப்பும் அளவீடுகளைக் கொண்டே பழுதை உய்த்துணர வேண்டும். கட்டளைகளை அனுப்பியே அதனைச் சீராக்க வேண்டும். இதற்கு 2013ஆம் ஆண்டு நிகழ்வொன்றைச் சான்றாகக் காண்போம்.

அவ்வாண்டு மார்ச் 1ஆம் நாள், ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் டிராகன் சரக்குக் கலம் அமெரிக்காவின் கேப் கனாவரலிலிருந்து அனைத்துலக விண்வெளி நிலையத்தை நோக்கி ஏவப்பட்டது. ஏவுகணையிலிருந்து கலம் பிரிந்தபின், அதன் நான்கு உந்துபொறித் தொகுதிகளுள் ஒன்று மட்டுமே இயங்கும் நிலையில் இருந்தது. குறைந்தது மூன்று தொகுதிகளேனும் இயங்கினாலன்றிக் கலம் நிலையத்தை அணுக நாசாவின் விதி அப்போது இடந்தரவில்லை. சூரியத் தகடுகளை விரிப்பதும் நிறுத்திவைக்கப்பட்டது. தகடுகள் விரியாவிடின் கலத்திற்கு நெடுநேரம் மின்சாரம் இராது.

டிராகனின் 18 சிறிய உந்துபொறிகளில் எரிபொருளும் ஆக்சிஜனேற்றியும் ஒன்றையொன்று தொட்டவுடன் தாமே எரியும், தீப்பொறி தேவையில்லை. ஆயின், அவை உந்துபொறியைச் சென்றடையத் தொட்டிகளில் அழுத்தம் வேண்டும். அவ்வழுத்தத்தைத் தருவது ஹீலியம் வாயு. மூன்று தொகுதிகளில் ஆக்சிஜனேற்றித் தொட்டியின் அழுத்தம் குறைந்திருப்பதை அளவீடுகள் காட்டின. ஆகவே, ஐயம் உந்துபொறிகளை விட்டு, ஹீலியம் செல்லும் குழாய்களிலும் வால்வுகளிலும் குவிந்தது.

பொறியாளர்கள் புதிய கட்டளை நிரலைக் கலத்திற்கு அனுப்பினர். வால்வுகளுக்கு முன்னே அழுத்தத்தைத் தேக்கித் திடீரென விடுவித்தனர். இதனை மீண்டும் மீண்டும் செய்து அடைப்பை அகற்ற முயன்றனர். இன்னொரு தொகுதியில் அழுத்தம் உயரத் தொடங்கியதும் சூரியத் தகடுகள் விரிக்கப்பட்டன. அன்றே நான்கு தொகுதிகளும் மீண்டன. திட்டமிட்டதற்கு ஒரு நாள் பிந்தி, மார்ச் 3ஆம் நாள், நிலையத்தின் இயந்திரக் கை கலத்தைப் பற்றிக்கொண்டது. மார்ச் 26ஆம் நாள் கலம் பசிபிக் பெருங்கடலில் பாதுகாப்பாக இறங்கியது.

ஒருவழி வால்வுகளின் வடிவமைப்பில் செய்யப்பட்ட மிகச் சிறிய மாற்றமே அடைப்புக்குக் காரணம் எனப் பின்னர்த் தெரியவந்தது. அடைப்பை விண்வெளியில் அகற்ற முடிந்தது. காரணத்தை அகற்றும் பணி தரைக்குரியது. மாணவர்கள் இங்கு மனங்கொள்ள வேண்டியது ஆய்வின் வரிசையாகும். உந்துபொறி இயங்கவில்லை என்பது அறிகுறி. அழுத்தக் குறைவு அதற்கடுத்த படி. வால்வின் வடிவமைப்பு மூலகாரணம். முதற்படியிலேயே நின்று உந்துபொறியைத் திரும்பத் திரும்ப இயக்க முயன்றிருந்தால், கலம் மீண்டிராது.